வயசு என்ன, மக்ளே?

நாஞ்சில் மண்ணில் பெண்ணும் சட்டமும் – 11

சென்ற வாரம் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் பார்த்தோம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு நடந்த கல்யாணம் தானாகச் செல்லாமல் போய்விடுவதில்லை, நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டால்தான் ரத்தாகும், பதினெட்டு முடிந்து இரண்டு வருடம் வரைதான் அப்படிக் கேட்கலாம் என்பதோடு நிறுத்தியிருந்தோம். அதற்குள் அவள் வயிற்றில் ஒன்று உண்டாகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி பாக்கி நின்றது. கல்யாணமே ஆகாமல் உண்டாகிவிட்டால் என்ற கேள்வி அதற்கும் பின்னால் நின்றது. இந்த வாரம் அந்த இரண்டும்.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளின் நாள். காலை ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். எடை பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அதற்கெல்லாம் முன்பாகப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நர்ஸம்மா கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "வயசு என்ன, மக்ளே?" தோவாளையிலிருந்து நீரோடி வரை நம் மாவட்டத்தில் தன்னைவிட இளையவர் எல்லாருமே மக்ள்தான். கேள்வியில் அன்புக்குக் குறைவில்லை. பதில் என்ன என்பதைப் பொறுத்து அந்தப் பெண்ணின் பாதை மூன்றாகப் பிரிகிறது.

பத்தொன்பது நிறைந்திருந்தால், குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அவள் பெயர் ஏறும். பதினெட்டு முடிந்து பத்தொன்பது நிறையாவிட்டால் அவள் கல்யாணம் சட்டப்படி சரியானது, கர்ப்பமும் சரியானது, பணம் மட்டும் கிடையாது. பதினெட்டே நிறையவில்லை என்றால் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். மூன்று பெண்களுக்கும் வயிற்றில் வளர்வது ஒரே மாதிரிக் குழந்தைதான். அந்தக் குழந்தைக்கு வேண்டிய இரும்புச்சத்தும் புரதமும் தாயின் வயதைப் பார்த்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. சொல்லப்போனால் தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினேழு வயதுக்காரிக்குத்தான் கூடுதலாக வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் நாம்: 91.75 சதவீதம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். வடமாவட்டங்களில் சில இடங்களில் இருக்கிற அளவுக்கு இங்கே குழந்தைத் திருமணம் கிடையாது. பெண்பிள்ளைகளின் படிப்பும் இங்கே நேற்று வந்ததல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியரில் மனைவி மார்த்தா, பெண்களுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். கையில் நாலு காசு பார்த்த பெண்ணை அவசரப்பட்டுக் கெட்டிச்சுக் குடுக்க வீட்டில் யாருக்கும் மனசு வராது என்பதை இந்த ஊர் இருநூறு வருடமாகப் பார்த்து வருகிறது.

ஆனால் மாநிலக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நாலு வயதுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் 2015–16-இல் 16.3 சதவீதம். 2019–21-இல் அது 12.8 ஆகக் குறைந்தது. நல்ல சேதி. அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குள் தாயாகிவிட்டவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இரண்டும் சேர்த்து, முன்பு 5 சதவீதம், பிறகு 6.3 சதவீதம். கல்யாண வயது ஏறிக்கொண்டிருக்கும்போதே இது குறையவில்லை, கூடியிருக்கிறது. அகில இந்திய அளவில் இது 7.9-இலிருந்து 6.8-க்கு இறங்கியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2.4. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில், அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். நம்மை யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

பதின்வயதுப் பிரசவம் குறைவாக இருக்கும் ஊரில் வேறொரு கஷ்டமும் உண்டு. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் பதினேழு வயதில் பிள்ளை பெறும் ஊரில் அந்தப் பெண் தனியாள் இல்லை. வகுப்பில் நாற்பது பேரும் நர்சிங், எஞ்சினியரிங் என்று பேசிக்கொண்டிருக்கும் குலசேகரத்திலோ கருங்கலிலோ அவள் ஒருத்திதான். படித்த ஊரின் ஏளனத்துக்குக் கூர்மை அதிகம். ஆலயத்தில், அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில், பஸ் ஸ்டாப்பில், எல்லா இடத்திலும் அவள் பேச்சாக இருப்பாள். அவளோடு பேச மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள்.

வசதியான வீட்டிலும் இது நடக்காமல் இல்லை. அங்கே நடந்தால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். கார் இருக்கிறது, திருவனந்தபுரம் ஒன்றரை மணி நேரம், தனியார் மருத்துவமனை இருக்கிறது, ஒரு வருடம் பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்க வைக்க வசதி இருக்கிறது. அரசுப் பதிவேட்டுக்கு வந்து சேர்கிறவள் மறைக்க வழியில்லாதவள். ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன்பே போய்விடும் அப்பா, முந்திரி ஆலையில் அண்டி தல்லி விரல் கறுத்த அம்மா, தங்கல் படகில் போய் வாரக்கணக்கில் திரும்பாத தகப்பன், ஒக்கி புயலில் போனவன் வராமலே போன கரையோர வீடு, பேச்சிப்பாறைக்கு மேலே பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்க வேண்டிய காணிக் குடியிருப்பு. வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரம் அதிகமாக இருப்பதும், படிப்பு நின்றுபோவதும், போன் ஒன்றே உலகமாகிப்போவதும் இந்த வீடுகளில்தான் முதலில் நடக்கிறது. இதைச் சாதி, மதம், கரை, மலை என்று பிரித்து ஒழுக்கக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கிற கணக்கு வருமானமும் வயதும்தான்.

இனி பணத்துக்கு வருவோம். முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987-இல் சில நூறு ரூபாயோடு தொடங்கியது. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் 18,000. இந்தப் பதினெட்டாயிரத்தில் 14,000 ரொக்கம், தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். மிச்சம் 4,000 ரூபாய்க்கு இரண்டு முறை ஊட்டச்சத்துப் பெட்டகம். பெட்டகத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? தாய்மார்களுக்கான சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய், புரத பிஸ்கட், குடற்புழு மாத்திரை, ஒரு துண்டு. ஏழை வீட்டில் மருமகள் பெயருக்கென்று தனியாக ஆவின் நெய் வருவது அநேகமாக அந்த ஒரு தடவைதான். இந்தியாவிலேயே கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு கொடுக்கும் மாநிலங்கள் குறைவு. பெருமைப்பட வேண்டிய திட்டம்தான்.

விதி இரண்டு: பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். வயதுக்குக் கீழே இருப்பவளுக்கு என்ன மிஞ்சுகிறது? பரிசோதனை இலவசம், பிரசவம் இலவசம், அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. இவற்றுக்கு வயது கேட்பதில்லை. ரொக்கம் என்று பார்த்தால் மத்திய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமத்தில் 700 ரூபாய், நகரத்தில் 600. அந்தத் திட்டத்திலும் முன்பு பத்தொன்பது வயது என்றுதான் விதி இருந்தது. 2013 மே மாதம் மத்திய அரசு அந்த வயது நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் நான்காம் பிரிவில், கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி உரிமை என்கிறது. அரசு வேலையில் இருப்பவர்கள் போன்று ஏற்கெனவே சலுகை பெறுகிறவர்களை மட்டும் விலக்குகிறது. வயதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. நாடாளுமன்றம் வைக்காத நிபந்தனையை முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் வழிகாட்டு விதி வைத்திருக்கிறது.

பிள்ளை பிறந்த பிறகு? அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு மாநில அரசின் மாதாந்திர ஓய்வூதியம் இருக்கிறது, 1986-இலிருந்து. இப்போது மாதம் 1,200 ரூபாய். அதை வாங்க முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். முறைப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு ஐந்து வருடம் கழிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் பிள்ளையோடு நிற்பவள் இன்னும் பன்னிரண்டு வருடம் காத்திருந்தால் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்கலாம். அப்போது அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும். கல்யாணமே ஆகாதவள் என்றால் அவளைக் கைவிடப்பட்ட மனைவி என்று எழுதவும் முடியாது. மணமாகாத ஏழைப் பெண்ணுக்கென்று ஓர் ஓய்வூதியம் உண்டு. அதற்கு ஐம்பது வயது ஆக வேண்டும்.

பத்தொன்பது, முப்பது, ஐம்பது. நம் நலத்திட்டங்களில் இந்த வயதுகளுக்கு வெளியே நிற்கும் ஏழைத் தாய்க்கு உதவி என்றால் பெரும்பாலும் தாய்வீடுதான். தாய்வீடும் கதவைச் சாத்தினால் அவள் பாடு திண்டாட்டம்தான்.

இந்த வயது நிபந்தனையை வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. பத்தொன்பதுக்கு முன் பிள்ளை பெற்றால் பணம் வராது என்றால் பெற்றோர் யோசிப்பார்கள், கல்யாணம் தள்ளிப்போகும் என்பது கணக்கு. பார்க்க நியாயமாகவே தெரிகிறது. ஆனால் யார் யோசிக்க வேண்டுமோ அவர்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. பதினாறில் கெட்டிச்சுக் குடுத்த மாமன், பொருத்தம் பார்த்த தரகன், பந்தி விரித்த ஊர், யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. அந்த முடிவில் கடைசியாகக் கேட்கப்பட்டவளும், கேட்கப்படவே முடியாத குழந்தையும்தான் நெய்யையும் பணத்தையும் இழக்கிறார்கள். பதினான்காயிரத்தை நினைத்து ஒரு பெண் கர்ப்பத்தைத் தள்ளிப்போட்டாள் என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வயதைக் கூட்டிச் சொன்னவர்களையும், எட்டாம் மாதம் வரை பதிவுக்கே வராதவர்களையும் பற்றி எந்தச் சுகாதார ஊழியரைக் கேட்டாலும் சொல்வார்.

இந்தத் திட்டம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறது என்பதையும் நினைக்க வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறுபெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்துச் சென்னை சட்டமன்றத்தில் போராடியவர், கல்யாண வயதை உயர்த்தும் சட்டத்துக்குக் குரல் கொடுத்தவர் அவர். 1930-இல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தகுதி பார்க்கவில்லை, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. கல்யாண உதவித் திட்டத்துக்குப் பெயர் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதே மரபிலிருந்து வெளியேறி அந்த முறையை எதிர்த்தவர். நம் பக்கத்தில் ராணி சேது லட்சுமி பாய் ஆட்சியில்தான் திருவிதாங்கூர்க் கோயில்களில் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. முத்துலட்சுமியும் ராமாமிர்தமும் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது, பன்னிரண்டிலும் பதினைந்திலும் பெரியவர்களின் முடிவுக்குப் பலியான பெண்பிள்ளைகளை. அவர்கள் பெயரில் கொடுக்கும் உதவி அந்த வயதுப் பெண்ணைக் கண்டதும் நின்றுவிடுகிறது.

இதே விவாதம் கடல் தாண்டி பிரிட்டனில் தலைகீழாக நடந்தது. அங்கே 1977-இல் வந்த வீடற்றோர் சட்டம், தங்க இடமில்லாத கர்ப்பிணிகளுக்கும் பிள்ளையோடு நிற்பவர்களுக்கும் உள்ளாட்சி வீடு தருவதில் முன்னுரிமை கொடுத்தது. கொஞ்ச நாளில் அதுவே வசையாகத் திரும்பியது. 1992-இல் கன்சர்வேடிவ் கட்சி மாநாட்டு மேடையில் சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீட்டர் லில்லி ஒரு பழைய நாடகப் பாட்டை மாற்றிப் பாடினார். அரசு வீட்டு வரிசையில் முந்துவதற்காகவே கர்ப்பமாகும் இளம்பெண்கள் என்று அவர்களைத் தன் வேண்டாதவர் பட்டியலில் சேர்த்தார். மாநாடு கைதட்டியது. அதாவது அங்கே சொன்னது: பணம் கொடுக்கிறோம், அதனால்தான் பெறுகிறார்கள். இங்கே விதிக்குள் ஒளிந்திருப்பது: பணம் கொடுக்காவிட்டால் பெற மாட்டார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கையை உடைக்க ஸ்வீடனையும் நெதர்லாந்தையும் பார்த்தால் போதும். தாய்க்கும் பிள்ளைக்கும் பிரிட்டனுக்குக் குறையாமல் அள்ளிக் கொடுக்கும் நாடுகள். அங்கே பதின்வயதுப் பிரசவம் பிரிட்டனைவிட மிகக் குறைவாக இருந்தது. டோனி பிளேர் அரசு அமைத்த சமூக விலக்கல் பிரிவு 1999-இல் இந்தக் கேள்வியை நேராக ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள், அரசுக் காப்பகத்தில் வளர்ந்தவள், பள்ளியை விட்டு நின்றவள் ஆகியோரிடம்தான் இது அதிகம் என்றது. முன்னால் ஒரு நல்ல வாழ்க்கை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாததும், உடலைப் பற்றிய அறிவு இல்லாததும், பெரியவர்கள் ஒரு பக்கம் ஆசையைக் காட்டி இன்னொரு பக்கம் வாயை மூடச் சொல்வதும் காரணங்கள் என்றது. பத்து வருடத்தில் பாதியாக்குவோம் என்று இலக்கு வைத்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், பள்ளியில் பாடம், இளைஞர்கள் கூச்சமில்லாமல் வரக்கூடிய கருத்தடை மையம், பிள்ளை பெற்றவள் திரும்பப் படிக்கப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு. கடைசியாகச் சொன்ன அந்தத் திட்டம் இன்றும் இருக்கிறது. இருபது வயதுக்கு உட்பட்ட தாய் படிப்பைத் தொடர்ந்தால் குழந்தைக் காப்பகச் செலவை அரசு கொடுக்கிறது.

பலன்? 1998-இல் இங்கிலாந்தில் பதினெட்டுக்கு உட்பட்ட பெண்கள் ஆயிரம் பேருக்குச் சுமார் 47 கர்ப்பம். 2010-இல் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைந்திருந்தது, இலக்கு தவறிப்போனது. ஆனால் விதைத்தது பிறகு முளைத்தது. 2014-இல் பாதிக்கும் கீழே வந்தது, 2018-இல் சுமார் 17. எல்லாப் பெருமையையும் அரசுக்கே கொடுத்துவிடவும் முடியாது. பெண்கள் கூடுதலாகப் படிக்கப் போனார்கள், இளைஞர்கள் பொழுதுபோக்கும் விதமே மாறியது. ஏழைப் பகுதிகளுக்கும் பணக்காரப் பகுதிகளுக்கும் இடையிலான வித்தியாசமும் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு: லில்லி பாடிக் குறையவில்லை.

இனி மூன்றாவது பாதை, ஸ்டேஷன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. பதினெட்டு நிறையாதவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. அதற்கு முன் அந்த வயது பதினாறு. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனைவியே ஆனாலும் பதினெட்டு நிறையாதவளோடு உறவு கொள்வது பாலியல் வன்கொடுமை என்று தீர்ப்பளித்தது. போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த யாரும், டாக்டர், நர்ஸ், ஆசிரியர் உட்பட, காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. காவல்துறை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தகப்பன் முறையில் இருப்பவனும், வாத்தியாரும், பக்கத்து வீட்டுக்காரனும் சிறுபெண்ணைச் சீரழித்துவிட்டுப் பஞ்சாயத்துப் பேசித் தப்பித்த காலத்துக்கு முடிவு கட்டிய சட்டம் இது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கட்டுரையைக் காட்டி யாரும் அதைத் தளர்த்தச் சொல்ல வேண்டாம். சிக்கல் பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் ஓடிப்போன வழக்குகளில் இருக்கிறது. அவன் சிறையில், அவள் காப்பகத்தில், குழந்தை வயிற்றில். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படியொரு வழக்கை ரத்து செய்தபோது, வளர்பருவக் காதலைக் குற்றமாக்குவதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்ற கருத்தைச் சொன்னார். 2022 டிசம்பரில் அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, நம் குமரி மாவட்டத்துக்காரர், காதல் விவகாரப் போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம், எஸ்.பி.யின் அனுமதி வாங்குங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2025 மே மாதம் மேற்கு வங்காள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. பதினாலு வயதில் வீட்டை விட்டுப் போய்ப் பிள்ளை பெற்ற அந்தப் பெண்ணை வீடு கைவிட்டது, சமூகம் தீர்ப்பெழுதியது, சட்டமும் தவறவிட்டது என்று சொல்லி, அவள் கணவனுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. அவளுக்கு வீடும் படிப்பும் கிடைக்கச் செய்ய மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

மருத்துவமனைகளில் பலர் கவனிக்காத ஒரு தீர்ப்பும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளது காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அனுப்பும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்றது. மைனர்களுக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்ய 2021 திருத்தச் சட்டம் இடம் தருகிறது. இது தெரியாமல்தான் போலீஸ் பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல், மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தப்போக்கோடு வந்து சேர்கிறார்கள். போக்சோ விதிகள் 2020-இல் எட்டாம் விதி என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட குழந்தைக்குச் சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும். அதாவது வயதைக் காரணம் காட்டி ஒரு கை மூடிக்கொள்ளும்போது, அதே வயதைக் காரணம் காட்டித் திறக்க வேண்டிய இன்னொரு கை சட்டத்திலேயே இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக்கு இந்த மாதிரி விதிகள் புதிதல்ல. நாஞ்சில் வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்த காலத்தில் புருஷன் செத்தால் சொத்து அவன் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போகும், பெண்டாட்டியும் பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். விதி அப்படி, வழக்கம் அப்படி, மாற்ற முடியாது என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்த விதியில் சிக்கிய ஒரு பெண்ணின் வாயாலேயே மான்மியம் பாடி ஊரைச் சிரிக்க வைத்தார். சிரித்து முடிந்ததும் ஊருக்கு உறைத்தது. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. தாயையும் பிள்ளையையும் தெருவில் நிறுத்தும் விதியைத் திருத்திய ஊர் இது.

இன்று திருத்த வேண்டியது அதைவிடச் சின்னது. ஓர் அரசாணை போதும்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கும் ஊக்கத்தொகை வேண்டும், அது இருக்கிற இடமும் சரியான இடம். 1989-இல் தொடங்கிய மூவலூர் அம்மையார் திட்டம் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்து, பதினெட்டு நிறைந்து கல்யாணம் செய்யும் பெண்ணுக்குப் பணம் தந்தது, பிறகு தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாயாகக் கையில் போகிறது. கல்யாண மேடையில் கொடுத்த பணம் கல்லூரி வாசலுக்கு மாறியது பெரிய மாற்றம். தடுக்கும் வேலையை அந்தப் பணம் செய்யட்டும். பிரசவ வார்டில் அதற்கு வேலை இல்லை. அங்கே வந்துவிட்டவளுக்கு, அவள் எந்த வயதில் வந்தாலும், முழு உதவியையும் கொடுக்க வேண்டும். ஜனனி சுரக்ஷாவில் மத்திய அரசு 2013-இல் செய்ததை முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தமிழ்நாடு செய்யத் தடை ஏதும் இல்லை. சிறு வயதில் கெட்டிச்சுக் குடுத்தவர்களைத் தண்டிக்க 2006 சட்டம் இருக்கிறது, மாவட்டச் சமூக நல அலுவலர் இருக்கிறார். தண்டனையை அவர்களுக்குக் கொடுங்கள்.

அடுத்தது, கைவிடப்பட்டவளின் முப்பது வயது நிபந்தனை. கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு அதைத் தளர்த்த வேண்டும். மூன்றாவது, படிப்பு. பிள்ளை பெற்றவள் பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தனித்தேர்வராகவும் எழுதலாம். ஆனால் அங்கன்வாடி இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்துதான் எடுக்கும். அந்த இரண்டு வருடம் குழந்தையை யார் பார்ப்பது? அண்டி ஆபீஸுக்குப் போகும் அம்மாவா? தாலுகாவுக்கு ஒரு குழந்தைக் காப்பகம், அதில் படிக்கும் தாய்க்கு முதலிடம். ஆறு தாலுகா உள்ள மாவட்டத்துக்கு ஆறு காப்பகம் முடியாத செலவல்ல.

கடைசியாக வாசகர்களிடம். உங்கள் தெருவில், உங்கள் சபையில், உங்கள் கடையில் வேலை செய்பவர் வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்தால், கதை கேட்கப் போக வேண்டாம். 1098 குழந்தைகளுக்கான எண், 181 பெண்களுக்கான எண், இரண்டுக்கும் காசு இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள். அவளை முதல் மூன்று மாதத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியானாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமானாலும், வயதைக் காரணம் சொல்லிச் சிகிச்சையை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. எட்டாம் விதியின் பணத்தைக் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அவள் வயது எவ்வளவு என்று கேட்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பவராக நீங்கள் இருங்கள்.

(தொடரும்)